பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்

கும்மிடிப்பூண்டியில் நான் கார் பழகிய டிரைவிங் ஸ்கூல் வண்டியில், மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. லாரியைக் கண்டு நான் உறைந்துபோகும்போதெல்லாம் அவர் மிதித்துவிடுவார். "பயம்லாம் பூட்சும்மா" என்பார். பயம் போய்விட்டதென்று நானும் நம்பினேன்.

லைசென்ஸ் வந்ததும் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எங்கள் காரை எளாவூர் செக்போஸ்ட் வரை ஓட்டினேன். முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. ஸ்கூல் வண்டி போலத் தானே நிற்குமென்று காத்திருந்தேன். நிற்கவில்லை.

"இன்னா பார்த்துக்கினு இருக்க? பிரேக்க மிதி!" என்று கத்திக்கொண்டே கணவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கடைசி லாரிக்கு ஒரு முழம் இருக்கும்போது கார் நின்றது. அதன் பிறகுதான் என் கால் பிரேக்கை மிதித்தது.

இப்போதெல்லாம் கிளம்புமுன் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்க்கிறேன். பக்கத்தில் யார் இருந்தாலும் நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன்.