தைக்காமல் விட்ட ஒரு சாண்

அண்ணி தைத்த அந்தச் சின்னப் போர்வையின் விளிம்பில் ஒரு சாண் மட்டும் இன்னும் மூடப்படவில்லை. நீலக் கட்டம் போட்ட பட்டி சுற்றிலும் ஓடிவந்து, கடைசிப் பக்கத்தில் சட்டென்று நின்று வால் போலத் தொங்குகிறது. அங்கே உள்ளிருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்கும். என் அண்ணன் மகள் அதற்குள் விரலை விட்டுக்கொண்டுதான் தூங்குவாள்.

அவளுக்கு முன் இரண்டு கர்ப்பம் அண்ணிக்குத் தங்கவில்லை. பிறக்கும் முன் குழந்தைக்கென்று எதையும் தயாராக வைக்கக் கூடாது என்ற வழக்கம் சித்தூரில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. கிறிஸ்தவ சபைக்குப் போகிற நாங்கள் அதையெல்லாம் நம்புவதில்லை என்று சொல்லிக்கொள்வோம். இருந்தும் ஏழாம் மாதத்தில் போர்வையை எடுத்த அண்ணி மனதுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்: விளிம்பில் பட்டி வைக்காதவரை அது போர்வையே இல்லை. முடிக்காத ஒன்றைத் தயாராக வைத்ததாக யாரும் சொல்ல முடியாது.

பட்டிக்கு அண்ணனின் புது லுங்கி. "நான் ஒரு தபா கூட கட்டல. என் புள்ள எனக்கு முந்தி கட்டிக்கினு போவுது" என்றார் அண்ணன். அண்ணி எழுந்து வந்து அவர் வாயைப் பொத்தினார்.

நேராக வெட்டுவதா, கிராஸாக வெட்டுவதா என்பதில்தான் எல்லாம் நின்றது. நேராக என்றால் கட்டத்தின் கோட்டைப் பிடித்தபடியே கத்தரி போகும், துண்டோடு துண்டு சேர்க்கும் ஒட்டும் குறைவு. மூலைவாட்டில், கிராஸாக வெட்டினால் ஒட்டு அதிகம், ஆனால் துணி வளைந்து கொடுக்கும். போர்வையின் முனை எதுவும் குத்தக் கூடாதென்று அண்ணி சாப்பாட்டுத் தட்டை வைத்து அவற்றை வட்டமாக்கியிருந்தார். நான் அப்போது பி.எஸ்ஸி முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். நாலு வீடியோ பார்த்ததில் எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது.

"வட்டத்துக்கு கிராஸ்தான் அண்ணி. நேரா வெட்டினா முனையில சுருங்கிக்கினு நிக்கும்."

"எத்தினி ஒட்டு வரும் பாரு. ஒவ்வொண்ணும் கன்னத்துல உரசும். இழுத்தா நீளற துணி எனக்கு வாணாம்மா. அப்படியே நிக்கணும்."

ஒரு நாள் நேர், மறுநாள் கிராஸ். சாக்பீஸால் கோடு போடுவார், தட்டி அழிப்பார். இரண்டு வாரம் இப்படி. துணியில் குழப்பம் என்று நினைத்தேன். அவர் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அண்ணனும் அண்ணியும் பரிசோதனைக்குப் போன ஒரு காலையில் நானே வெட்டிவிட்டேன். கிராஸாக, ரெண்டரை இஞ்ச் அகலத்தில் ஆறு பட்டி. கடைசிப் பட்டியில் கத்தரி இருக்கும்போது அண்ணன் போன் செய்தார். "பிரஷர் ஏறிக்கினே இருக்குதாம். திருப்பதிக்கு இட்டுக்கினு போவச் சொல்லிட்டாங்க. கிளம்பிட்டோம்."

நான் செய்தது இதுதான்: பட்டிகளைக் கட்டிலில் பரப்பி, கட்டத்தோடு கட்டம் பொருத்தி, மறுபடி முழுத் துணியாக அடுக்கினேன். வாசலில் நின்று பார்த்தால் வெட்டியது தெரியவில்லை. கிட்டே போனால் தெரிந்தது. சுருட்டி அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அன்று மாலையே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். மறுநாள் திருப்பதி ஆஸ்பத்திரியில், குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க, அண்ணி என்னிடம் முதலில் கேட்டது: "அந்தத் துணிய வெட்டலியே?"

"வெட்டல அண்ணி." அத்தனை வேகமாக நான் எதையும் சொன்னதில்லை. பெட்டிக்குள் அந்த மார்பு ஏறி இறங்குவதை எண்ணியபடி, என் கத்தரிதான் காரணமோ என்று நினைத்தேன். படித்தவள்தான். நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் குழந்தை வீட்டுக்கு வந்த அன்று அண்ணி அலமாரியைத் திறந்து பட்டிகளை எடுத்தார். எப்போது வெட்டினேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒரு பட்டியை இரண்டு கையிலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் நீளுது" என்றார். நாலு நாளில் தைத்தார். ஒரு சாண் இருக்கும்போது ஊசியை எடுத்துவிட்டார். "இது கிடக்கட்டும்."

இப்போது அவளுக்கு நாலு வயதாகப் போகிறது. போன ஞாயிறு அண்ணி நீல நூல் கோத்து என் கையில் கொடுத்தார். "பஞ்செல்லாம் நோண்டி எடுக்கறா. நீதான ஆரம்பிச்ச, நீயே முடி."

தொங்கிய வாலை மடித்து வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. போர்வைக்குக் கீழே தூங்கியவளின் நெற்றியைத் தொட்டேன். லேசாகச் சுட்டது; வெறும் சளிதான்.

"சூடு இறங்கட்டும் அண்ணி. அப்புறம் தைக்கறேன்."

அண்ணி என்னையே பார்த்தார். "நீயா சொல்ற?"

ஊசியை நூற்கண்டில் குத்தி வைத்தேன். தூக்கத்திலேயே அவள் விரல் அந்த ஒரு சாணைத் தேடிப் போய் நுழைந்துகொண்டது.