நூற்று எண்பத்திரண்டாவது நாள்

மட்டாஞ்சேரி கடைத்தெருவில், மிளகுக் கிடங்குக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் செல்லதுரைக்கு ஒரு மேசை. வருமான வரிப் படிவம் நிரப்பித் தருவது தொழில். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பழைய படிவங்களை வரி வரியாகப் படித்தே பழகியவர். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருபவர்கள் அவரைத் தேடி வருவார்கள். யாரைக் கண்டும் எரியாத வயிறு, மனைவியின் தம்பி வீரபாண்டியைக் கண்டால் மட்டும் எரியும்.

மூன்று வருடங்களுக்கு முன், அபுதாபிக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு இருவரும் சேர்ந்துதான் இன்டர்வியூ போனார்கள். கணக்கில் புலி செல்லதுரை, எடுத்ததோ வீரபாண்டியை. ஒரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு. சும்மா இருக்கும் மாதத்துக்கும் சம்பளம். அந்த மாதமெல்லாம் சாயாவும் கையுமாக இந்த மேசைக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பான்.

இந்த ஜூலையில் பாஸ்போர்ட்டையும் ஒரு தாளையும் நீட்டினான்.

"மச்சான், பேங்க் வட்டியில பிடிச்ச வரி திரும்பி வரணும். ரிட்டர்ன் போட்டுத் தாங்க. போன வரி வருஷத்துல இங்க இருந்த நாளை நானே எண்ணிட்டேன், நூத்தி எழுபத்தாறு. நூத்தி எண்பத்திரண்டு ஆகாம இருந்தா நான் வெளிநாட்டுக் கணக்குதானே?"

"எப்படி மாப்ள எண்ணினே?"

"வீட்ல எத்தனை ராத்திரி படுத்தேனோ, அத்தனை."

"அது லாட்ஜ் கணக்கு. வந்த நாளும் நாள்தான், போன நாளும் நாள்தான். ஆறு தடவை வந்திருக்கே. ஆறைக் கூட்டு."

விரல் மடக்கியவன் அப்படியே நின்றான். "நூத்தி எண்பத்திரண்டு."

"ஆக, நீ உள்ளூர்க்காரன். அபுதாபிச் சம்பளம் முழுசுக்கும் இங்க வரி."

"எந்தா மச்சான் இது! அக்காகிட்ட சொல்லிராதீங்க." முகம் வெளுத்துவிட்டது.

மூன்று வருட எரிச்சல் செல்லதுரைக்குள் குளுகுளுவென்று அடங்கியது. அந்தச் சுகத்தோடு, பழக்க தோஷத்தில், பாஸ்போர்ட் முத்திரைகளை ஒவ்வொன்றாகத் தாளோடு ஒத்துப் பார்த்தார். முதல் வருகை முத்திரையில் விரல் நின்றது. மார்ச் முப்பத்தொன்று. வரி ஆண்டு தொடங்குவது ஏப்ரல் ஒன்றில். அந்த ஒரு நாள் அதற்கு முந்தின ஆண்டுக் கணக்கு.

சொல்லாமல் விட்டால் இவனுக்குத் தெரியப்போவதில்லை. செல்லதுரை பாஸ்போர்ட்டை மூடப்போனார். ஆனால் தன் கையால் ஒரு தப்பான எண்ணை எழுத அவரால் முடியவில்லை.

"நூத்தி எண்பத்தொண்ணு," என்றார், கடனே என்று. காரணத்தையும் சொன்னார்.

வீரபாண்டி மேசையில் ஓங்கித் தட்டினான். "அப்ப இங்க இருக்கலாம்கிற நாள்ல ஒண்ணக்கூட வீணாக்கல! எண்ணத் தெரியாமலே எங்க வந்து நின்னுருக்கேன் பாத்தீங்களா!"

செல்லதுரை கம்ப்யூட்டரில் 'வெளிநாட்டில் வசிப்பவர்' என்ற கட்டத்தைத் தேடி, மௌஸை வேண்டியதற்கு மேலேயே அழுத்தினார். படக்கென்றது.

"பாத்து மச்சான்," என்றான் வீரபாண்டி. "உடைஞ்சா உடையட்டும் விடுங்க. வர்றப்ப புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாரேன்."