நாடிக்குப் பாஸ் மார்க் அறுபது

என் அக்காவின் கணவருக்குத் தெரு வைத்த பெயர் லிஃப்ட். லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்குத் தண்ணீர் கேன் தூக்கிப் போவது அவர் வேலை. எங்கள் பக்கத்துக் கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. ஒன்றிரண்டில் இருந்தாலும் ஓடாது. இருபது லிட்டர் கேனை இடது தோளில் மடித்துப் போட்ட துண்டின் மேல் வைத்து, வலது கையை வீசிக்கொண்டு, நான்கு மாடியையும் பேச்சு நிறுத்தாமல் ஏறுவார். கைப்பிடியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இப்படி இருபத்திரண்டு வருடம்.

நான் பஸ் நிலையத்தில் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். வெறுங்கையோடு அவர் பின்னால் ஏறினாலே இரண்டாவது மாடியில் என் நெஞ்சு அடிப்பது என் காதில் கேட்கும். "மாப்ளே, நீ இங்கயே உக்காரு. இறங்கும்போது உன்னையும் தூக்கிக்கிறேன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த மனிதரைத்தான் உடல் தகுதி இல்லை என்று தண்ணீர் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வருகிறது.

கம்பெனிக்குப் புது மேலாளர் வந்தார். கேன் தூக்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும் என்றார். கிளினிக் நான்காவது மாடியில். துணைக்கு நானும் போனேன். நர்ஸம்மா அப்போதுதான் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மச்சானை ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்காரவைத்து, மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நாற்பத்தாறு. மறுபடி எண்ணினார். நாற்பத்தாறு. எழுந்துபோய்க் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார். பேட்டரியை மாற்றிவிட்டு மூன்றாவது தடவை எண்ணினார். அப்போதும் அதேதான்.

டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்தார். "ஒரு குறையும் இல்ல. தினமும் படியேறி ஏறி இதயம் பலமாயிருக்கு. ஒரு துடிப்புக்கே நிறைய ரத்தத்தைத் தள்ளிடுது. அதனால சும்மா இருக்கும்போது அது அவசரப்பட வேண்டியதில்ல. தலைசுத்தல், மயக்கம் ஏதாவது வருமா?"

"இவனுக்குத்தான் வரும் டாக்டர்" என்று மச்சான் என்னைக் காட்டினார்.

டாக்டர் சிரித்துவிட்டு, சொன்னதையே ஒரு கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார்.

மேலாளர் அந்தக் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. படிவத்தில் 'ஓய்வில் நாடித் துடிப்பு: 60–100' என்று அச்சடித்திருந்தது. அவர் வாழ்க்கையில் நூறு என்று முடிந்ததெல்லாம் மதிப்பெண்தான் போலிருக்கிறது.

"நாப்பத்தாறுதான் எடுத்திருக்கீங்க. பாஸ் மார்க் அறுபது" என்றார்.

"சார், இது பரீட்சை இல்ல. நாடி" என்றேன்.

"நான் எவ்வளவு எடுத்தேன் தெரியுமா? தொண்ணூத்தெட்டு!" சட்டைப்பையிலிருந்து தன் சான்றை எடுத்து நீட்டினார். "ரெண்டுல நூறு போச்சு. எனக்கே வருத்தம்தான். நீங்களும் முயற்சி பண்ணுங்க. முதல் தடவையே எல்லாரும் பாஸாகிறதில்ல."

பாஸாகும்வரை கேனைத் தொடக் கூடாது என்று உத்தரவு. மறுநாளே தெருவில் "லிஃப்ட் ஃபெயிலாம்" என்று பேச்சு. அதில் செய்தி ஒன்றும் இல்லை என்று பாதிப்பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலை மச்சான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தோள் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "இந்த வேலை போச்சுன்னா நான் எங்க போய் ஏறுறது மாப்ளே?" என்று கேட்டார். வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் இவரைத் தரையில் நிறுத்திவைத்தால் இவர் இவராக இருக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

மறுதேர்வுக்கு நாங்கள் குடும்பமாகத் தயாரானோம். முதல் தடவை கிளினிக் படிக்கட்டில் அவரை மூன்று முறை ஓடி ஏறி இறங்கச் சொன்னேன். மேலே போய்ச் சேர்ந்தபோது நாடி நூற்றிருபதுக்கு மேல். நான் கையைத் தட்டாத குறை. பாழாய்ப்போன நர்ஸம்மா வழக்கப்படி ஐந்து நிமிடம் உட்காரவைத்தார். இரண்டாவது நிமிடத்திலேயே அவர் இதயம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. நாற்பத்தேழு.

"ஒண்ணு கூடியிருக்கு" என்று அக்கா தேற்றினாள்.

இரண்டாவது தடவை யோசனை அக்காவுடையது. கோபம் வந்தால் நாடி ஏறும் அல்லவா? அந்த ஐந்து நிமிடமும் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த தப்பையெல்லாம் வரிசையாக எடுத்து விட்டாள். காத்திருந்த மற்றவர்கள் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டார்கள். மூன்றாவது நிமிடம் மச்சான் குறட்டை விட்டார். பழகின சத்தம், பாவம். நாற்பத்துநான்கு. அக்காவின் நாடி நூற்றுப்பன்னிரண்டு என்று நர்ஸம்மா தானாகவே சொன்னார். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

மேலாளர் நல்லவர்தான், அதுதான் கொடுமை. "உடம்பு களைச்சுப்போய்த்தான் மார்க் வரமாட்டேங்குது. நாலு மாசம் நல்லா ஓய்வெடுத்துட்டு வாங்க. உங்க இடத்தை நான் யாருக்கும் நிரந்தரமாக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

மச்சான் உட்கார்ந்தார். ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுவே அவருக்கு உலகம். அக்கா அவரைக் கடைக்கும் அனுப்பவில்லை, கொடியில் துணி போடவும் விடவில்லை. கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனிந்தாலும் "ஐயோ, மார்க் போயிடும்" என்று ஓடி வருவாள். எங்கள் இரண்டாவது மாடிக்கே தற்காலிக ஆள் கேனைக் கொண்டுவந்து, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, வாசலில் 'தொம்' என்று வைப்பான். அந்தச் சத்தத்துக்கு மச்சான் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது.

ஆனால் எண் ஏறியது. முதல் மாதம் ஐம்பது. அடுத்தது ஐம்பத்துநான்கு. பிறகு ஐம்பத்தெட்டு. வயிறும் கூடவே ஏறியது, அதை யாரும் எண்ணவில்லை. நான்காவது மாதம் நர்ஸம்மா விரலை எடுத்துவிட்டு, "அறுபத்தொண்ணு!" என்று கத்தியே விட்டார். அக்கா அழுதாள். நானும்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைப்பானேன்? டாக்டர் மட்டும் மச்சானின் வயிற்றைப் பார்த்தார், கடிதத்தின் நகலைப் பார்த்தார், பிறகு 'தகுதியானவர்' என்று கையெழுத்துப் போட்டார். மேலாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். "பாத்தீங்களா, உழைச்சா வரும்னு சொன்னேன்ல?"

அடுத்த நாள் காலை முதல் கேன் நான்காவது மாடித் தையல்காரம்மாவுக்கு. இந்தத் தரிசனத்தைப் பார்த்தே தீருவது என்று நான் லீவு போட்டுவிட்டுப் பின்னால் போனேன். மச்சான் சான்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். துண்டு, கேன், இடது தோள், எல்லாம் பழையபடி. "பாரு மாப்ளே, இந்தத் தையல்காரம்மா இருக்காங்களே..." என்று ஆரம்பித்தார். முதல் மாடி தாண்டியதும் பேச்சு நின்றது.

இரண்டாவது மாடியில் அவர் வலது கை கைப்பிடியைத் தேடிப் பிடித்தது.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் கேனை இறக்கி வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் போய்ப் பக்கத்தில் விழுந்தேன். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் மூச்சு வாங்கினோம். இருபத்திரண்டு வருடத்தில் நான் அவரோடு ஒரே நேரத்தில் ஒரு மாடிக்கு வந்து சேர்ந்தது அன்றுதான். ஒரு நாளும் ஆசைப்படாத பெருமை அது. அவர் தன் மணிக்கட்டில் விரலை வைத்து என் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நான்கு மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டிருந்தார்.

"நூத்திநாப்பத்தஞ்சு" என்றார். "மேனேஜர்கிட்ட சொல்லிடாதே. சந்தோஷத்துல ஆளு போயிடுவாரு."

மேலேயிருந்து தையல்காரம்மா கைப்பிடிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "லிஃப்ட் வந்துடுச்சா?"

"வந்துக்கிட்டிருக்கும்மா. நடுவுல மாட்டிக்கிச்சு" என்றார் மச்சான்.

நான் கேனைத் தூக்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். வியர்வையில் ஊறின சான்றைப் பையிலிருந்து எடுத்து, விரித்து, அதனாலேயே முகத்தைத் துடைத்தார்.

"இதை அடுத்த வருஷமும் எழுதணுமில்ல?"

"ஆமாம் மச்சான். வருஷா வருஷம்."

கேனைத் தோளுக்கு ஏற்றினார். ஒரு படி ஏறி நின்றார், பிறகு இன்னொரு படி.

"அப்போ இன்னும் பன்னெண்டு மாசம் இருக்கு" என்றார். "அதுக்குள்ள எப்படியாவது ஃபெயிலாயிடணும் மாப்ளே."