ரம்பத்தின் தகர மூடி

மரப்பட்டறையைக் கடக்கும்போது ஈர மரத்தூள் வாசம் மூக்கில் ஏறினால் போதும், இன்று புல் மண்டிவிட்ட எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், துருவேறிக் கிடந்த பழைய வட்ட ரம்பத்தை அப்பா பல் தீட்டி, எண்ணெய் விட்டு, விரல் படாமலிருக்கத் தகர மூடியும் செய்து மாட்டி, தேயிலைப் பெட்டிக்குப் பலகை அறுத்த இரைச்சல் காதில் விழும்.

ஆயுத பூசைக்கு மூடியைக் கழற்றி ரம்பத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். மறுநாள் அப்பா மூடியை மாட்டப் போனதும், "மொதப் பலகைய பொட்டு தெரிய அறுங்கண்ணே, சாமிய மூடக்கூடாது" என்றார் கூட வேலை செய்த முத்தையா மாமா. அப்பாவுக்கும் மறுக்க மனம் வரவில்லை. அந்த ஒரு பலகையில் அவருடைய வலக்கை விரல்கள் போயின.

"மூடி போட்டதுலதான் சாமிக்குக் கோவம்" என்று ஸ்டோரே பேசியது. அடுத்து வந்த தச்சர் மூடியில்லாமலே அறுத்தார். மூடி நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவில், கூரை ஒழுகும் இடத்தில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது.