வளைத்த வால்

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். கன்றுக்குட்டியின் வாலை நாய் வாலாக வளைத்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். இருக்கன்குடி மாரியம்மன் கோயில் வாசலில், வெள்ளிநிறத் தகட்டில் கண், கை, கால், வயிறு என்று உருவங்கள் விற்கும் கடையோரம் நின்றுகொண்டு, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு கன்றுக்குட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் அதன் வாலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கி மடக்கினார். தகடு நெளிகிற அந்த மெல்லிய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. உடம்பில் எங்கே நோவோ அந்த உருவத்தை வாங்கி அம்மனுக்குப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நோவு எங்கள் நாய்க்கு. கடையில் நாய் உருவம் இல்லை.

நாயின் பெயர் புஸ்வாணம். பெயர் வைத்தவர் என் கணவர். பட்டாசுக் கம்பெனியில் வேன் ஓட்டினார். காலையில் தாயில்பட்டிப் பக்கமிருந்து ஆட்களை ஏற்றிவந்து இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுகிற வேலை. ஒருநாள் வேனுக்கு அடியில் சுருண்டு கிடந்த குட்டியை மடியில் வைத்தே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் யாராவது வந்தால் அது ஊரைக் கூட்டுவதுபோல் ஆரம்பிக்கும். ஆள் ஓரடி முன்னால் வைத்தால் 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்விடும். அம்புட்டுத்தான் அதன் வீரம். சிவகாசியில் பிறந்த நாய் என்பதால் வெடிச் சத்தம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தீபாவளியன்று சரம் வெடிக்கும்போது வாசற்படியில் படுத்துத் தூங்கும். ஆனால் குக்கர் விசில் அடித்தால் மட்டும் உயிர் போகிற மாதிரி ஓடி, கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு அங்கிருந்து குரைக்கும். அதற்காகவே எங்கள் வீட்டுக் குக்கர் பரணுக்குப் போனது. "குக்கர் சோறு வாய்வுத்தா" என்று அத்தை அக்கம்பக்கத்தில் காரணம் சொல்லிக்கொண்டார். நாய்க்குப் பயந்து பானையில் பொங்குகிறோம் என்று எப்படிச் சொல்வது?

கணவர் மஞ்சள்காமாலையில் போனார். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அத்தை இருக்கன்குடிக்கு நடந்தே போய், ஆள் உருவம் வாங்கிப் போட்டுவிட்டு வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அத்தை அந்தக் கோயில் பெயரையே வாயில் எடுக்கவில்லை. காலண்டரில் இருந்த மாரியம்மன் படத்தைக்கூடச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். எனக்கும் அத்தைக்கும் சண்டை கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. பிள்ளை இல்லாத வீட்டில், போனவரைப் பற்றிப் பேசினால் இருவரும் உடைந்துவிடுவோம் என்று இருவருக்கும் தெரியும். அதனால் நாயைப் பற்றியே பேசினோம். சாப்பிட்டதா, வெளியே போனதா, எங்கே படுத்திருக்கிறது. சாயங்காலம் தெருமுனையில் ஏதோ ஒரு கம்பெனி வேன் ஆரன் அடிக்கும். புஸ்வாணம் எழுந்து போய் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் உட்காரும். வேன் போன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வரும். அந்த நேரத்தில் நானும் அத்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

அந்த வருடம் சீசன் நேரம். நான் காலண்டர் கம்பெனி ஒன்றில் ப்ரூப் பார்க்கிறவள். அத்தை வீட்டிலிருந்தபடியே பட்டாசுக்குக் காகிதக் குழல் ஒட்டிக்கொண்டிருந்தார். பசையில் பூச்சி வைக்காமலிருக்க மயில்துத்தம் என்கிற நீல உப்பைக் கலந்திருப்பார்கள். ஆளுக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது. குழல் ஒட்டுகிற ஒவ்வொரு வீட்டிலும் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. ஆனால் பசைக்கு ஒரு அலுமினியக் கும்பா, நாய்க்கு ஒரு அலுமினியக் கும்பா, இரண்டும் ஒரே அச்சு. அத்தைக்கு ஒரு கண்ணில் புரை. காலை அவசரத்தில், அடியில் பசை ஒட்டியிருந்த கும்பாவில் நீராகாரத்தை ஊற்றி நாய்க்கு வைத்துவிட்டார்.

"ஏத்தா, இங்கன வா. வாணம் என்னமோ நீலமா கக்குது" என்று கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசல் முழுக்க நீலமும் பச்சையுமாகக் கிடந்தது. நாய் கால்களைப் பரப்பி நின்று, வயிறு ஒட்ட ஒட்ட எக்கிக்கொண்டிருந்தது. நான் கும்பாவைப் பார்த்தேன். அத்தையும் பார்த்தார். ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, அத்தை தன் சேலைத் தலைப்பால் அதன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். தலைப்பில் ஏறிய அந்த நீலம் கடைசிவரை போகவில்லை.

டாக்டரம்மா ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். "வாந்தியா வெளிய வந்ததே நல்லதும்மா. உள்ள எவ்வளவு போயிருக்குன்னு இப்பச் சொல்ல முடியாது. ஈரல், கிட்னி ரெண்டும் தாங்கணும். தண்ணி குடிக்குதான்னு பாருங்க, எந்திரிக்குதான்னு பாருங்க. தினம் கூட்டிட்டு வாங்க" என்றார். கவலைப்படுகிறவளிடம் 'பாருங்க' என்று சொல்வதைப்போல் கொடுமை வேறில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். மூச்சு வாங்குகிறதா, காது அசைகிறதா, கண் திறந்திருக்கிறதா. நாய் சுவரோரம் கிடந்தது. தொட்டால் கண்ணை மட்டும் உருட்டியது. சாயங்காலம் வேன் ஆரன் அடித்தது. எழவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் முழுசாகப் பிடித்தது. இதுவும் போய்விட்டால் அவரை எதிர்பார்த்து உட்கார இந்த வீட்டில் யாரும் இல்லை.

சீசனில் லீவு கேட்க முடியாது. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்ததும் நாயை அத்தையிடம் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போவேன். வரப்போகிற வருடத்தின் தினசரித் தாள்கள் என் மேசையில் குவிந்திருக்கும். நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாம் ஊருக்குப் போவதற்கு முன்னால் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். ஒரு வருடத்தை முன்கூட்டியே படித்து முடிக்கிறவள் நான். அந்த வாரம் ஒவ்வொரு தாளையும் புரட்டும்போது, இந்த நாளில் புஸ்வாணம் இருக்குமா என்றே மனது கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தாளில் அமாவாசையைப் பௌர்ணமி என்று விட்டுவிட்டு மானேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாய்க்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். "நாய்க்கா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் செத்தால் துக்கம் கேட்க ஊரே வருகிறது. நாய் சாகக் கிடந்தால் தனியாகத்தான் பயப்பட வேண்டியிருக்கிறது.

தனியாக என்று சொல்லக் கூடாது. அத்தை இருந்தார். ஆனால் அவர் தன் பங்குக்குத் தனியாக இருந்தார். சரியாகச் சாப்பிடவில்லை. நாயின் தலைமாட்டில் உட்கார்ந்து பஞ்சில் தண்ணீர் நனைத்து நாக்கில் விட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தடவை, எனக்குச் சொல்கிறாரா நாய்க்குச் சொல்கிறாரா என்று தெரியாத மாதிரி, "எங் கையாலதான ஊத்துனேன். அவன் வளத்தத எங் கையாலயே" என்றார். "தெரியாம நடந்ததுதான அத்தை" என்றேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர, ஆறுதல் அவர் பக்கம் போய்ச் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து பார்த்தபோது குளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். "கெளம்புத்தா. இருக்கன்குடிக்குப் போய்ட்டு வந்துருவம்" என்றார். அந்த வாசலை மிதிக்க அவர் எதை விழுங்கிக்கொண்டு கிளம்பினார் என்று எனக்குத் தெரியும். நாயை அடுத்த வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம்.

அப்போதுதான் அந்தக் கடை. "நாய் உருவம் இருக்காய்யா?" என்று கேட்டார் அத்தை.

"நாய்க்கெல்லாம் யாரு ஆச்சி நேந்துக்கிடுதா? மாடு இருக்கு, கன்னு இருக்கு. யாருக்கு வேணும்?"

"வீட்டாளுக்கு. கன்னையே குடு."

வாங்கிய கையோடு வாலை வளைக்க ஆரம்பித்துவிட்டார். கடைக்காரருக்குச் சிரிப்பு. "எதுக்கு ஆச்சி நெளிக்கீக? மனசுல நெனச்சாப் போதுமே. ஆத்தாளுக்குத் தெரியாதா?"

"அவளுக்கு எங்கனய்யா தெரியுது? போன தடவ ஆள் உருவமே குடுத்தேன். அப்பயும் அவளுக்கு ஆளு வெளங்கல. இந்தத் தடவ வெவரமாக் காட்டிருவோம்" என்றார் அத்தை. கடைக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். சந்நிதியில் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். அத்தை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கன்றுக்குட்டியைத் தூக்கி வாலைக் காட்டினார். கும்பிட்ட மாதிரி இல்லை, சந்தையில் வழக்குப் பேசுகிற மாதிரிதான் இருந்தது. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

வீடு திரும்பியபோது நாய் போட்ட இடத்திலேயே கிடந்தது. அத்தை சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, பரணிலிருந்து குக்கரை இறக்கினார். "அத்தை, வேண்டாம். கெடக்குற உசுரை ஏன் வெரட்டுறீக?" என்றேன். "ஓடுனா உசுரு இருக்குன்னு அர்த்தம். ஓடலன்னா தெரிஞ்சிக்கிருவம்" என்றார். அரிசியைக் களைந்து போட்டு மூடினார். இருவரும் அடுப்பைப் பார்க்காமல் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் விசிலுக்கு ஒரு காது விறைத்தது. அடுத்த விசிலுக்குத் தலை தூக்கியது. அதற்கடுத்த விசிலில் புஸ்வாணம் நான்கு கால்களும் தள்ளாடத் தள்ளாட எழுந்து, சுவரில் இடித்து, கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அங்கிருந்து ஈனக்குரலில் ஒரு குரைப்பு, பின்னால் ஒரு 'புஸ்'. அத்தை சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து அந்த நீலத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். மகன் செத்த வீட்டில் வராத அழுகை அன்றைக்கு வந்தது. நானும் உட்கார்ந்து அழுதேன். சோறு குழைந்துபோனது. அதையே தயிர் விட்டுப் பிசைந்து மூன்று பேரும் சாப்பிட்டோம்.

டாக்டரம்மாவின் ஊசியா, ஆத்தாளா, குக்கரா என்று நான் இன்றுவரை ஆராயவில்லை. குக்கர் பரணுக்குத் திரும்பிப் போனது. காலண்டர் மாரியம்மன் மட்டும் முன்பக்கம் திரும்பினாள்.

போன தை மாதம் அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். இப்போது வீட்டில் நாயைப் பற்றிக்கூடப் பேச ஆள் இல்லை. "சாப்பிட்டியா?" என்று நாயிடமே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொள்கிறேன். புஸ்வாணத்துக்கு வயதாகிவிட்டது. இந்த மாதம் மறுபடியும் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தது. கிட்னி தளர்ந்திருக்கிறது, வயசு, பார்ப்போம் என்றார் இப்போதுள்ள டாக்டர். மறுபடியும் அதே பார்ப்பது. இந்தத் தடவை ஒற்றை ஆளாக. பரணில் இருக்கிற குக்கரை எத்தனையோ தடவை அண்ணாந்து பார்த்தேன். இறக்கத் தைரியம் வரவில்லை. விசில் அடித்து, அது எழாவிட்டால் நான் என்ன செய்வேன்? அத்தைக்கு இருந்த நெஞ்சு எனக்கு இல்லை.

நேற்று இருக்கன்குடிக்குப் போனேன். அதே கடை, இப்போது ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நாய் உருவம் கேட்டேன். இல்லை. கன்றுக்குட்டி வாங்கி, வாலை நகத்தால் மடக்கினேன். அத்தைக்கு வந்ததுபோல் எனக்கு வளையவில்லை. ஓரத் தகடு விரலைக் கீறியது.

"யாருக்குக்கா நேர்ச்ச?"

"வீட்டாளுக்கு."

"வீட்டுல எத்தன பேரு இருக்கீக?"

"ரெண்டு பேரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், வீட்டுக்குப் போவதற்குள் அந்தப் பதில் பொய்யாகிவிடக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டு வந்தேன். அம்மனிடமா அத்தையிடமா என்று தெரியாது. பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளிவிட்டு உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். கட்டிலுக்கு அடியில் வால் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.