சமாதானம் கைமாறிய ஞாயிறு

மொரப்பூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் சபையில் கோயிலைப் பெருக்கி, மணி அடித்து, திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுகிறவள் தமிழ்மணி. வயது ஐம்பத்தொன்று. கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு. கோயில் பூட்டிக் கிடந்த பதினோரு மாதமும் அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

பூட்டியதற்குக் காரணம் அவள் குடும்பம்தான். சபைக் குழுத் தேர்தலில் கணவன் அருள்குமார் ஒரு கட்சி, கூடப்பிறந்த அண்ணன் ஜீவரத்தினம் இன்னொரு கட்சி. ஓட்டு எண்ணும்போது வாய்த்தகராறு முற்றி நாற்காலிகள் பறந்தன. ஒரு கிழவரின் முன்பற்கள் பீடத்துப் படியில் கிடந்தன. ஜீவரத்தினம் சுவரில் தொங்கிய பாட்டு நம்பர்ப் பலகையைப் பிடுங்கி வீசினார். அதன் மூலை அருள்குமாரின் இடது கண்ணில் இறங்கியது. கண் போனது. அதிகாரிகள் கோயிலுக்கு சீல் வைத்தார்கள். இனி அடிதடி இருக்காது என்று இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்த பிறகுதான் திறந்துவிட்டார்கள். இன்னொரு அடிதடி என்று ஸ்டேஷனுக்குத் தகவல் போனால் மறுபடியும் பூட்டு.

திறந்த மூன்றாவது ஞாயிறு திருவிருந்து. அப்பம் கொடுக்கும் முன் பாஸ்டர் இறங்கி வந்து முதல் பெஞ்சுக்காரரின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்து "சமாதானம்" என்பார். அவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படியே கடைசி பெஞ்சுவரை போகும். பகையோடு யாரும் அப்பம் எடுக்கக் கூடாது.

"நீ வராண்டாவுலயே உக்காந்துக்க. எங்கண்ணன் கை அங்க வராது" என்று காலையிலேயே கணவனிடம் சொன்னாள்.

"நான் என்ன திருடனா? ஒத்தக் கண்ணுல பாத்தாலும் அப்பம் அப்பந்தான்" என்றான். போய் ஜீவரத்தினத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான்.

கை கையாக வந்தது. ஜீவரத்தினம் திரும்பினார். கொஞ்சம் தயங்கிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"சமாதானம், மாப்ள."

அருள்குமார் வாங்கிக்கொண்டான். விடவில்லை. இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்துப் பின்னால் மடக்கினான். முறிந்த சத்தம் பெண்கள் பக்கம்வரை கேட்டது.

ஜீவரத்தினம் அலற, அவர் ஆட்கள் எழுந்தார்கள். ஒருவன் போனை எடுத்தான். தமிழ்மணி ஆண்கள் பக்கம் பாய்ந்து கணவனை அறைந்தாள். மூன்றாவது அறையில் அவன் உதடு கிழிந்தது. பிறகு போன்காரனிடம் திரும்பினாள்.

"ஸ்டேஷனுக்குத்தான? போடு. தை மாசம் உங் கண்ணாலத்த பஸ் ஸ்டேண்டுல வெச்சுக்கடா!"

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

அண்ணனை ஆட்டோவில் அரூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எப்படி முறிந்தது என்று டாக்டர் கேட்டார். அடிதடியில் முறிந்தது என்று சொன்னால் அங்கிருந்தே போலீசுக்கு எழுதிவிடுவார்கள். ஜீவரத்தினம் தங்கையைப் பார்த்தார்.

"டிராக்டர் பின்கதவுல சிக்கிக்கிச்சுங்க."

மாவுக்கட்டோடு வெளியே வந்ததும் சொன்னார். "கோயிலுக்காவச் சொன்னன், தமிழு. உம் புருசனுக்காவ இல்ல. அவன ரோட்டுல பாத்துக்கறன். ரெண்டு கையையும் எடுக்காம உடமாட்டன்."

"எப்பங்கண்ணா?"

"இந்தக் கட்டப் பிரிக்கட்டும்."

கட்டைப் பிரிக்க ஐந்து வாரம். நான்காவது வாரம், ஒரு சனிக்கிழமை, தர்மபுரியில் அருள்குமாரைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றினாள்.

"வாட்ச்மேன் வேல. நாங் கூப்புடற வரைக்கும் இந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்காத."

"எப்பக் கூப்புடுவ?"

பஸ் நகர்ந்தது.

மறுநாள், அருள்குமார் ஊரில் இல்லை என்று கேள்விப்பட்டு, மாவுக்கட்டுக் கையோடு ஜீவரத்தினம்தான் முதல் ஆளாகக் கோயிலுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எங்கடி அவன்?"

"செருப்ப வெளிய உட்டுட்டு வாங்கண்ணா" என்றாள் தமிழ்மணி.