மிதித்துக் கேட்ட இசைத்தட்டு

இடமாற்றம் பெறும் அரச உத்தியோகத்தர் ஒருவர் தமது குடும்பத்தையும் வீட்டுச் சாமான்களையும் புதிய இடத்துக்கு அரச செலவில் கொண்டுசெல்ல உரித்துடையவர். மூட்டை கட்டுவதற்கு அவருக்கு நியாயமான அவகாசம் வழங்கப்படல் வேண்டும். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்த நான் இந்த விதியை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். 1983 ஆடிக் கலவரத்தில் எனக்கே இடமாற்றம் வந்தது. உத்தரவைக் கொண்டுவந்தவர்களின் கையில் கடதாசி இல்லை, பொல்லுகள் இருந்தன. அவகாசம் என்று பார்த்தால், என் மனைவி அடுப்பை அணைக்கும் நேரம்.

நான் கிற்றாரோடு ஓடினேன். இதில் வீரம் எதுவும் இல்லை. அது கதவுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது, அவ்வளவுதான். இசைத்தட்டுகள் இரண்டு தேயிலைப் பெட்டி நிறைய இருந்தன. அவற்றைத் தூக்க ஆள் வேண்டும்.

வார நாட்களில் கோப்பு, சனி ஞாயிறுகளில் றொக். இதுதான் கொழும்பில் என் வாழ்க்கை. நாலு பேர் கொண்ட எங்கள் குழு கலியாண வீடுகளில் ஆட்டத்துக்குப் பைலா வாசித்துப் பிழைத்தது; ஆட்கள் சாப்பிடப் போன பிறகு தனக்காக றொக் வாசித்தது. டிரம்ஸ் அடித்தவர் சிங்களவர், எங்கள் திணைக்களத்திலேயே கணக்குக் கிளையில் இருந்தவர். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. புதுத் தட்டு யார் வாங்கினாலும் தனியே போட்டுக் கேட்கக் கூடாது. சனிக்கிழமை பின்னேரம் என் வீட்டில் எல்லோரும் கூடி, கை கழுவி, வாய் திறக்காமல் முதல் தடவை கேட்க வேண்டும். கடைசியாக நான் வாங்கிய தட்டு அப்படி ஒரு சனிக்கிழமைக்காகக் காத்திருந்தது. அந்தச் சனிக்கிழமைக்கு முன்னமே, கலவரம் வெடித்த திங்கட்கிழமை வந்துவிட்டது.

எங்களை ஒளித்து வைத்தது அந்த டிரம்ஸ்காரர்தான். தம் அம்மாவின் அறையை எங்களுக்குக் கொடுத்தார். பிறகு அகதி முகாம் வாசல்வரை கூட்டிவந்து விட்டார். பிரியும்போது, “உன் தட்டுகளை நாளைக்குப் போய் எடுத்துவிடுவேன்” என்றார். நாங்கள் சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தோம்.

யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தோடு என்னை இணைத்தார்கள். வீடு அச்சுவேலியில். மேற்படி விதியின் கீழ், சாமான்களை எடுப்பித்துத் தருமாறு விண்ணப்பித்தேன். இடமாற்ற உத்தரவின் உறுதிப்படுத்திய பிரதியை இணைக்கும்படி பதில் வந்தது. உத்தரவு வாய்மொழியாக வழங்கப்பட்டது என்று எழுதினேன். அந்தக் கோப்பு அதோடு மூச்சை விட்டது.

டிரம்ஸ்காரருக்கு மட்டும் நான் எழுதவில்லை. என்ன எழுதுவது? ‘தட்டுகள் இருக்கின்றனவா’ என்று கேட்டால், ‘சொன்னதைச் செய்தாயா’ என்று கேட்டதாக ஆகிவிடும். தம் வீட்டுக்கே நெருப்பு வரக்கூடும் என்று தெரிந்தும் எங்களை வைத்திருந்தவர் அவர். அவரிடம் கறுப்புத் தட்டுகளைப் பற்றிக் கணக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் எழுதவில்லை. பெட்டிகள் எரிந்திருந்தால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு வருடக் கணக்கில் நெஞ்சில் கிடந்தது.

தொண்ணூறில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. மின்சாரம் இல்லாத மின்கிற்றார் நுளம்பைவிடக் கொஞ்சம் கூடச் சத்தம் போடும். நான் அதன் தலையை அலுமாரிக் கதவில் அழுத்திப் பிடித்து வாசிப்பேன். அலுமாரி அதிர்ந்து பாட்டைச் சொல்லும். அதற்குள் இருந்த என் மனைவியின் கூறைச் சீலைதான் ஊரிலேயே அதிகம் றொக் கேட்ட சீலை.

அடுத்த வருடம், எங்கள் ஒழுங்கையில் இருந்த வைத்தியர் குடும்பம் கனடாவுக்குப் புறப்பட்டது. அவர்கள் வைத்தியரின் மகனுடைய பழைய பற்றரி றெக்கோட் பிளேயரையும் சில தட்டுகளையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார்கள். தட்டுகளைப் புரட்டிக்கொண்டு வந்த என் கை நின்றது. கொழும்பில் கேட்காமலே விட்டுவந்த அதே தட்டு. அதே உறை.

பற்றரி, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர அரசாங்கம் தடைசெய்திருந்த பொருள். ஊரில் எல்லோரும் றேடியோ கேட்டது சைக்கிள் டைனமோவில். ஸ்ராண்டில் நிற்பாட்டிய சைக்கிளை ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் என்னிடம் வருவார். பேஸ் கிற்றார் வாசிப்பவர். அவர் தம் சைக்கிளின் டைனமோவைப் பிளேயருக்குக் கொடுத்துத் தட்டைச் சுழல வைத்தார். மிதிக்கிற வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் கிற்றாரோடு இருந்து பாட்டைப் பிடிக்க வேண்டுமே.

ஊசி தேய்ந்தால் வேறு ஊசி கிடையாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு தரம், இரண்டாம் பக்கம் மட்டும் என்று நடைமுறை வகுத்தேன். அந்தப் பக்கத்தின் மூன்றாம் பாட்டில் ஓர் அதிசயம் இருந்தது. கிற்றார் தனியே எழும்புவதற்குச் சற்று முன் முழுக் குழுவும் தளர்ந்தது. பாட்டு மெல்ல இறங்கி, பாடுகிறவரின் குரல் முனகலாகி, பிறகு நிமிர்ந்தது. உலகத்தில் எவரும் இப்படிச் செய்து நான் கேட்டதில்லை. வாரக் கணக்கில் இருந்து அந்த இறக்கத்தைக் கற்றேன். நரம்புகளை இழுத்து விட்டு, சுருதி நழுவுகிற மாதிரி வாசிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன்.

வாத்தியார் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னார்:

“அண்ணை, பாட்டு மெதுவாகேல்லை. அக்காவுக்குக் களைக்குது. சுருதியும் சேந்தெல்லோ இறங்குது.”

“மாஸ்டர், உமக்குக் கணக்குத் தெரியும். றொக் தெரியாது.”

“கணக்குத் தெரிஞ்சபடியாத்தான் சொல்லுறன். மூண்டாம் பாட்டு வரைக்கும் மிதிச்சா ஆருக்கும் அந்த இடத்திலைதான் கால் விடும்.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சைக்கிளில் இருந்தபடி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“எனக்கு ஒரு களைப்பும் இல்லை. அவையள் அப்பிடித்தான் வாசிச்சிருக்கினம்.”

விசாரணை என்றால் முறைப்படி நடக்க வேண்டும். அடுத்த ஞாயிறு வாத்தியாரே மிதித்தார். குறிப்பிட்ட இடம் நெருங்கியதும் தம் கட்சியை நிரூபிக்கும் ஆவேசத்தில் அவர் உழக்கிய உழக்கலில், குழு தளரவில்லை, தெறித்து ஓடியது. சாட்சியும் வழக்காளியும் ஒரே ஆள் என்று அந்தச் சாட்சியத்தை நிராகரித்தேன். நான் மிதித்தபோது இரண்டாம் பாட்டிலேயே கால் பிடித்துக்கொண்டது. அது பதிவில் ஏறவில்லை.

பருத்தித்துறையில் வாத்தியாரின் உறவுக்காரப் பெண்ணுக்குக் கலியாணம். ஜெனறேற்றர் இருந்தது, எங்களை வாசிக்கக் கேட்டார்கள். வருடங்களுக்குப் பிறகு என் கிற்றாருக்குள் மின்சாரம் போனது. முதல் நரம்பைத் தட்டியபோது, பந்தலின் கடைசியில் இருந்த கிழவர் ஒருவர் காதைப் பொத்தினார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கடைசியில் அந்த மூன்றாம் பாட்டை எடுத்தோம். வாத்தியாரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தேன். இறக்கம் வந்தது. நான் நரம்பை இழுத்து விட்டேன், தாளம் தளர்ந்தது, முழுப் பாட்டும் அழகாக அமிழ்ந்தது. ஜெனறேற்றருக்குப் பொறுப்பானவர் சாப்பாட்டு இலையை விட்டு எழும்பி, மண்ணெண்ணெய்க் கலனோடு பின்பக்கம் ஓடினார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தகப்பனும் ஓடினார்.

திரும்பும் வழியில், வல்லை வெளி தாண்டும்போது, “எண்ணெய் நிரம்பத்தான் இருந்ததாம், அண்ணை” என்றார் வாத்தியார்.

அன்றுதான் எனக்கு வழி தெரிந்தது. தட்டுகள் இருக்கின்றனவா என்று நான் கேட்கத் தேவையில்லை. கொழும்பில் மின்சாரம் உண்டு. ‘கடைசியாக வாங்கிய தட்டு கைவசம் இருக்குமாயின், இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டு தனிக் கிற்றாருக்கு முன் தளர்கிறதா என்று தயவுசெய்து அறியத்தரவும். எங்களுக்குள் ஒரு பிணக்கு’ என்று டிரம்ஸ்காரருக்கு எழுதினேன். மனைவி மிதிப்பதையும் எழுதினேன். எழுதி முடித்த பிறகு, பாட்டைப் பற்றிய கேள்வி எவ்வளவு சிறியது, அந்த ‘இருக்குமாயின்’ எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது.

தபால் அப்போது கப்பல் வந்தால் வரும், போனால் போகும். அந்த வருடம் பதில் இல்லை. கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து கொழும்புக்குப் போன ஒருவரிடம் இன்னொரு பிரதி கொடுத்தேன். அதற்கும் இல்லை. பிளேயரின் ஊசி மழுங்கி, பாட்டை விட இரைச்சல் கூடியது. வாத்தியார் பிணக்கை எழுப்புவதை நிறுத்திவிட்டார். அது தோற்றுப்போனவனுக்குக் காட்டும் மரியாதை போல எனக்குப் பட்டது. மனைவி மட்டும் ஞாயிறு மத்தியானம் கேட்காமலே சைக்கிளில் ஏறி இருப்பாள்.

பிறகு சண்டை நின்று, பேச்சுவார்த்தை என்றார்கள். தபால்காரர் ஒரு நாள் படலையில் மணி அடித்தார். டிரம்ஸ்காரர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த கடிதத்தை நான் மனைவிக்குத் தமிழில் வாசித்தேன்.

எங்களை முகாமில் விட்ட மறுநாளே எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு பெட்டியை எடுத்து வர முடிந்ததாம். இரண்டாவதற்குத் திரும்பிப் போனபோது வீடு எரிந்துகொண்டிருந்ததாம். பாதியைத்தான் காப்பாற்றினேன் என்று எழுத வெட்கமாக இருந்ததால் இத்தனை காலம் எழுதவில்லையாம். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத் தட்டுகளை முறைவைத்துப் போடுகிறாராம், ஒன்றைத் தவிர. அதை நீ வந்தால் சேர்ந்து கேட்கலாம் என்று மூடியே வைத்திருந்தேன், நீ கேட்டதால் இப்போதுதான் போட்டேன் என்று எழுதியிருந்தார். பாட்டு எங்கும் தளரவில்லை. புகையிரதம் மாதிரி நேரே போகிறது. உன் மனைவியைக் கொஞ்சம் இளைப்பாறச் சொல் என்று முடித்திருந்தார்.

நான் கடிதத்தை மடித்தேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை நிறுத்தினாள்.

“களைச்சதுதான். ஒவ்வொரு கிழமையும் களைச்சது.”

“பிறகேன் இல்லையெண்டனீர்?”

“சொல்லியிருந்தா நீங்கள் நிப்பாட்டியிருப்பியள்.”

அது 1995ஆம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு முதல் நாள்.